வானம் பெரிது என்று சொன்னேன்



என்னிடம் ஆறாம் ஆண்டு வரை தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இன்று பத்து பெரெண்டாமில் விமானிப் பயிற்சி பெற்று வருகிறான். அவன் தாத்தா பால்மரம் சீவியவர். தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து அவனைப் படிக்க வைத்தவர். சில மாதங்களுக்கு முன் தங்கா பத்து இரவுச் சந்தையில் அந்த அம்மையாரைக் கண்டேன். மகனைப் பற்றி மகிழ்ச்சியுடன் பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனக் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, மேல பெரிய பெரிய ஏரோப்ளேன் எல்லாம் போவுது. எம் பையன் ஓட்டுறது சின்னது. ஒன்னோட ஒன்னு இடிச்சிக்காதா?”

“வானம் ரொம்பப் பெருசும்மா. அதுக்கெல்லாம் பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தலையசைத்தார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை என்பதை நான் கவனித்தேன்.

வீடு திரும்பிய பின் என் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. நான்காம் ஆண்டு மாணவன் ஒரு கேள்வி கேட்டு, அதற்கு நான் அறியாமல் ஒரு பதில் சொல்லியிருந்தால், மறுநாளாவது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் திருத்தியிருப்பேன். ஒரு தாயின் கேள்விக்கு அந்த மரியாதை வேண்டாமா? அதனால் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புலனாயிற்று. ‘வானம் பெரிது’ என்ற என் ஆறுதல், விமானத்துறையே பல ஆண்டுகள் நம்பியிருந்து, பல உயிர்களைக் கொடுத்துக் கைவிட்ட பழைய நம்பிக்கை.

பெரிய வானம் என்னும் நம்பிக்கை

1956 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து சில நிமிட இடைவெளியில் இரண்டு பயணிகள் விமானங்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. ஒன்று டி.டபிள்யு.ஏ. நிறுவனத்தினுடையது, மற்றொன்று யுனைடெட் நிறுவனத்தினுடையது. கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் மேல், ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில் அவை மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 128 பேரும் மாண்டனர்.

அக்காலத்தில் நகரங்களைக் கடந்து அகன்ற வெளிக்குச் சென்றுவிட்டால், அந்த விமானங்களைத் தரையிலிருந்து எவரும் தொடர்ந்து கண்காணிக்கவில்லை. விமானிகள் தம் கண்களால் பார்த்துத் தாமே விலகிக்கொள்ள வேண்டும். ‘பார், விலகு’ என்பதே விதி. இத்தனை பெரிய வானத்தில் இரண்டு விமானங்கள் ஒரே நொடியில் ஒரே இடத்திற்கு வந்து சேருமா என்ற எண்ணமே அவ்விதிக்குப் பின்னால் இருந்த துணிவு. அந்த ஒரு விபத்து அத்துணிவை உடைத்தது. 1958இல் அமெரிக்கா வான்போக்குவரத்து முழுவதையும் ஆளும் புதிய அரசு நிறுவனத்தை உருவாக்கியது. ராடார் கண்காணிப்பும் விரிந்தது.

வானம் பெரிது என்பது உண்மைதான். ஆனால் விமானங்கள் வானம் முழுவதும் பரவிப் பறப்பதில்லை. எல்லாம் ஓடுபாதையில் தொடங்கி ஓடுபாதையில்தான் முடிகின்றன. திருவிழாவில் ஊர் எவ்வளவு பெரிதாயினும் கோயில் வாசலில்தான் நெரிசல் என்பதைப் போன்றதே இதுவும்.

கடலிலிருந்து வந்த விதிகள்

தங்கா பத்துக் கடற்கரையில் மாலையில் நின்றால் மலாக்கா நீரிணையில் கப்பல்கள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். இந்த நீரிணையின் இடுக்கமான பகுதிகளில், போகும் கப்பலுக்கு ஒரு தடம், வரும் கப்பலுக்கு ஒரு தடம் எனப் பிரித்துவைக்கும் முறை 1981இல் நடைமுறைக்கு வந்தது. கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு வானத்தின் விதிகள் அயலானவை அல்ல. அவற்றுள் பல கடலிலிருந்தே வானுக்கு ஏறியவை.

நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எவருடைய வலப்பக்கத்தில் மற்றவர் தெரிகிறாரோ அவரே வழிவிட வேண்டும். முந்திச் செல்பவர் முன்னால் போகிறவருக்கு இடையூறு செய்யாமல் விலகிப் போக வேண்டும். இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இவை கப்பலுக்கும் விமானத்திற்கும் பொது.

மாலுமிகள் அறிந்த இன்னொரு பாடமும் உண்டு. எதிரே தெரியும் கப்பல் உங்கள் பார்வையில் இடமோ வலமோ நகர்ந்துகொண்டிருந்தால் அச்சமில்லை. அது கடந்து போய்விடும். அது நகராமல் அதே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால்தான் மோதல். விமானத்திலும் இப்படியே. ஆனால் கப்பலில் இதைக் கவனிக்கப் பல நிமிடங்கள் உண்டு. விமானியிடம் இருப்பவை சில வினாடிகளே. மேலும், அசையும் பொருளைத்தான் மனிதக் கண் எளிதில் கண்டுபிடிக்கும். விமானக் கண்ணாடியில் அசையாமல் நிற்கும் ஒரு புள்ளியை அது தவறவிடும். அதாவது, எந்த விமானம் நம்மை மோதப்போகிறதோ அதுவே கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரியும்.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 10,000 அடிக்குக் கீழே பெரிய விமானங்கள் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. எதிரே ஒரு பயிற்சி விமானம் மணிக்கு 190 கிலோமீட்டரில் வருவதாகக் கொள்வோம். இரண்டும் நெருங்கும் வேகம் மணிக்கு 650 கிலோமீட்டர். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என உணர்ந்து, மோதுமென அறிந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்ப ஏறத்தாழ 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க வான்துறை வழங்கும் கணக்கு. அந்த நேரத்தில் இரண்டும் சேர்ந்து 2 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அவ்வளவு தொலைவில், 11 மீட்டர் இறக்கை அகலமுள்ள சிறு விமானம், கைநீட்டிப் பிடித்த அரை அரிசியின் அளவே தெரியும். அந்த அரை அரிசியை மூட்டமான வானத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வினைமுற்றின் விலை

சிறு விமானமும் பயணிகள் விமானமும் மோதிய விபத்துகளில் என்னை மிகவும் உலுக்கியது 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியாகோவில் நடந்தது. நான் மொழியாசிரியன் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம் காலை வேளையில் தரையிறங்க வந்துகொண்டிருந்தது. அதே பகுதியில் செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று, கருவிகளைக் கொண்டு இறங்கும் பயிற்சியில் இருந்தது. அதில் பயிற்றுநர் ஒருவரும் பயில்பவர் ஒருவரும் இருந்தனர். செஸ்னா முன்னே இருப்பதைக் கட்டுப்பாட்டாளர்கள் பெரிய விமானத்திற்கு அறிவித்தார்கள். விமானிகள், பார்த்துவிட்டோம் என்றார்கள். அவ்வளவில், பார்த்துக்கொண்டே விலகிச் செல்லும் பொறுப்பு விமானிகளிடம் சென்றுவிட்டது.

பின்னர் அவர்கள் செஸ்னாவைப் பார்வையிலிருந்து இழந்தார்கள். அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அது தமக்கு வலப்பக்கமாகக் கடந்துவிட்டது என நினைப்பதாகச் சொன்னார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் காதில் அது, ‘கடந்துகொண்டிருக்கிறது’ என விழுந்தது. முன்னதற்குப் பொருள், இப்போது தெரியவில்லை என்பது. பின்னதற்குப் பொருள், இப்போதும் கண்ணெதிரே இருக்கிறது என்பது. ஆங்கிலத்தில் ஒரு விகுதியளவே வேறுபாடு.

செஸ்னா எங்கும் கடந்து போகவில்லை. பெரிய விமானத்திற்கு முன்னே, சற்றுக் கீழே, அதே திசையில்தான் பறந்துகொண்டிருந்தது. செஸ்னாவும் தனக்குக் குறித்த திசையிலிருந்து விலகியிருந்தது. மோதலுக்கு 19 வினாடிக்கு முன் தரையிலிருந்த கணினி எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள்தாம் பார்த்துவிட்டார்களே என்று அது பொருட்படுத்தப்படவில்லை. ஏறத்தாழ 2,600 அடி உயரத்தில் மோதல் நடந்தது. போயிங்கில் 135 பேர், செஸ்னாவில் 2 பேர், தரையில் வீடுகளில் இருந்தவர்கள் 7 பேர் என 144 பேர் இறந்தனர்.

வகுப்பில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று நான் கரும்பலகையில் எழுதும்போது, இதையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும் எனச் சில பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இனி அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

தெரியாத விமானம்

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1986 ஆகஸ்டு 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ் என்னும் ஊரின் மேல் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. ஏரோமெக்சிக்கோ நிறுவனத்தின் டி.சி. 9 விமானமும், ஒரு குடும்பம் பயணம் செய்த பைப்பர் சிறு விமானமும் மோதின. சிறு விமானம் அனுமதி பெறாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வந்துவிட்டிருந்தது. வானில் 67 பேரும் தரையில் 15 பேருமாக 82 பேர் மாண்டனர்.

இங்கே ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண ராடார், தான் அனுப்பும் அலை ஒரு பொருளின்மேல் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அதன் திசையையும் தொலைவையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுமொழிக் கருவி இருந்தால், தரையிலிருந்து வரும் கேள்விக்கு அது தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் மாணவன் எழுந்து “உள்ளேன் ஐயா” என்பதைப் போல. செரிட்டோஸ் பைப்பரில் உயரத்தைச் சொல்லும் கருவி இல்லை. அதன்பின் பெரிய நகரங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்திற்குள் பறக்கும் சிறு விமானங்களுக்கும் அக்கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. 1987இல் இயற்றிய சட்டத்தின்படி, 1993 முடிவதற்குள் 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்கள் அனைத்திலும் மோதல் தவிர்ப்புக் கருவி பொருத்தப்பட்டது.

சர்க்கி தாத்ரி

நம்மவர்களுக்கு மிக அருகில் வந்த பேரிடர் 1996 நவம்பர் 12 அன்று இந்தியாவில், ஹரியானாவின் சர்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேல் நிகழ்ந்தது. உலகில் நடுவான் மோதல்களுள் மிக அதிக உயிர்களைப் பறித்தது அதுவே. இறந்தவர்கள் 349 பேர். உயிர் பிழைத்தவர் எவருமில்லை.

டில்லியிலிருந்து மாலை 6.32க்குப் புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானத்தில் 312 பேர் இருந்தனர். அவர்களுள் பலர் வளைகுடாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற இந்தியத் தொழிலாளர்கள். எதிரே கஜகஸ்தானிலிருந்து இல்யூஷின் 76 விமானம் 37 பேருடன் இறங்கி வந்தது. அக்காலத்தில் டில்லியைச் சுற்றிய வான்வெளியின் பெரும்பகுதி படைத்துறை வசம் இருந்ததால், பயணிகள் விமானங்கள் போகவும் வரவும் ஒரே வழிதான். சவூதி விமானம் 14,000 அடியிலும் கஜக் விமானம் 15,000 அடியிலும் இருக்க வேண்டும் என ஆணையிடப்பட்டது. இடையே 1,000 அடி. விதிப்படி அது போதுமானது.

ஆனால் கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை; மேலும் இறங்கியது. விமானத்தில் வானொலியில் பேசியவர் ஒருவர். விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். பேசியவர், 15,000 அடியை அடைந்துவிட்டோம் என அறிவித்த பின்னும் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. டில்லியில் அன்று பயன்பட்ட ராடார் உயரத்தைக் காட்டாத வகை. ஆகவே, சொன்ன உயரத்தில் விமானம் இல்லை என்பதைக் கட்டுப்பாட்டாளரால் அறிய இயலவில்லை. அவர் எதிரே வரும் விமானத்தைப் பற்றி எச்சரித்தும் இருந்தார். மேகத்துக்குள் மோதல் நடந்தது. அவ்வழியே வந்த அமெரிக்கப் படை விமானம் ஒன்றின் விமானி மேகத்தில் பெரும் ஒளியைக் கண்டு அறிவித்தார். சிதைவுகள் வயல்களில் விழுந்தன.

நீதியரசர் லகோத்தி தலைமையிலான விசாரணை ஆணையம், கஜக் விமானம் தனக்குக் குறித்த உயரத்தைவிட்டு இறங்கியதே காரணம் எனக் கண்டது. அதன்பின் டில்லியில் போகும் வழியும் வரும் வழியும் பிரிக்கப்பட்டன. உயரம் காட்டும் ராடார் வந்தது. இந்தியாவுக்கு வந்துபோகும் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. எல்லாம் 349 உயிர்களுக்குப் பின்.

இயந்திரத்தின் குரல்

அந்தக் கருவி எவ்வாறு வேலை செய்கிறது? அருகிலுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களிடம் அதுவே கேள்வி கேட்டு, தொலைவையும் உயரத்தையும் கணக்கிடுகிறது. அதன் அடிப்படை 1950களில் அமெரிக்க அறிவியலாளர் ஜான் மோரல் வகுத்த கருத்து. எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று பார்ப்பதைவிட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அது. மோதலுக்கு ஏறத்தாழ 40 வினாடி இருக்கும்போது முதல் எச்சரிக்கை வரும். ஏறத்தாழ 25 வினாடி இருக்கும்போது ‘ஏறு’ அல்லது ‘இறங்கு’ என்ற கட்டளை வரும். இரு விமானங்களிலும் கருவி இருந்தால் அவை தமக்குள் பேசி, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும்.

ஆனால் கருவி ஒன்றும் மனிதர் ஒன்றும் சொன்னால் எதைக் கேட்பது? 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகரின் மேல் இக்கேள்விக்கு விடை தேடப்பட்டது. ரஷ்யப் பயணிகள் விமானத்திற்குக் கருவி ‘ஏறு’ என்றது; தரைக்கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்றார். விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கி மோதின. 71 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்றுகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கட்டுப்பாட்டாளர் அன்றிரவு தனி ஒருவராக இரண்டு இருக்கைகளின் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதன்பின், கருவியின் கட்டளையே முதன்மையானது, தரையின் சொல் அதற்கு அடுத்தது என்பது உலக விதியாகத் தெளிவாக்கப்பட்டது.

கருவிக்கும் எல்லை உண்டு. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காட்டின் மேல், கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானமும் ஒரு சிறு ஜெட்டும் 37,000 அடியில் எதிரெதிரே வந்து மோதின. சிறு ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் செயல்படாமல் இருந்தது. ஆகவே இரு கருவிகளும் ஒன்றையொன்று காணவில்லை. சிறு ஜெட்டில் இருந்த 7 பேரும் தரையிறங்கிப் பிழைத்தனர். பெரிய விமானத்தில் 154 பேர் மாண்டனர். சிறியதுதான் எப்போதும் நொறுங்கும் என்ற நம் எண்ணமும் பொய்த்துப்போன நாள் அது.

2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் படை ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். உயரம் ஏறத்தாழ 300 அடி. தரைக்கு அவ்வளவு அருகில் ‘இறங்கு’ என்று சொல்வதே ஆபத்து என்பதால், அந்த உயரத்தில் கருவி கட்டளையிடாது. ஹெலிகாப்டரில் இருந்தவர்கள், விமானத்தைப் பார்த்துவிட்டோம், பார்த்தே விலகிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். சான் டியாகோ நிகழ்ந்து 46 ஆண்டுகள் கடந்த பின்னும் அதே சொல், அதே முடிவு.

நம் நாட்டிலும் 2024 ஏப்ரல் 23 அன்று லுமுட்டில், கடற்படை அணிவகுப்பு ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்து வீரர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. நெருக்கமாகப் பறப்பதே நோக்கமாக இருக்கும் வேளையில் மனிதரின் கவனத்தைத் தவிர வேறு காவல் இல்லை.

அந்தத் தாய்க்கு என் பதில்

சென்ற வாரம் அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போனேன். முன்பு சொன்னது தவறு என்றேன். வானம் பெரிதென்பதால் உங்கள் மகன் பாதுகாப்பாக இல்லை. வானம் பெரிதல்ல என்பதை உலகம் கற்றுக்கொண்டதால்தான் பாதுகாப்பாக இருக்கிறான் என்றேன். எந்தத் திசையில் எந்த உயரம் என்ற ஒழுங்கு, நுழைய அனுமதி வேண்டிய வான்வெளி, உயரம் சொல்லும் கருவி, மோதல் தவிர்க்கும் கருவி எனச் சுவருக்குள் சுவராக அடுக்கியிருக்கிறார்கள். ஒன்று இடிந்தால் அடுத்தது தாங்கும் என்று விளக்கினேன். கடைசிச் சுவர் அவனுடைய கண்ணும் நாவும்தான் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப அவன்கிட்ட நான் என்ன சொல்லணும் ஐயா?” என்று கேட்டார்.

“தெரியலன்னா தெரியலன்னு உடனே சொல்லச் சொல்லுங்கம்மா. பார்த்தத மட்டும் பார்த்தேன்னு சொல்லச் சொல்லுங்க” என்றேன்.

சான் டியாகோ விமானிகள் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் 144 பேர் அன்றைய பொழுதைக் கண்டிருக்கக்கூடும். பிள்ளைகள் தெரியாததைத் தெரியும் என்று சொல்லித் தப்பிக்கும் வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் நின்றவன் நான். தெரியாது என்று எழுந்து நிற்கும் பிள்ளையைக் கடிந்துகொண்ட நாட்களும் உண்டு. இனி அதைச் செய்ய மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் வெளியே ஒரு சிறு விமானத்தின் ஓசை கேட்கிறது. அது அவனாகவும் இருக்கலாம்.